தொழப்படும் பாதமும் தொடப்படாத பாதமும்

மனித உடலின் உறுப்புகளுள் பாதத்திற்கு நம் நாட்டில் கிடைத்திருக்கும் வணக்கம் வேறெந்த உறுப்பிற்கும் கிடைத்ததில்லை. இறைவனை நினைக்கும்போது தமிழர் முதலில் நினைப்பது அவன் திருவடியை. அவனை வணங்குபவர் அடியார். அவர் தம்மைப் பணிவுடன் குறித்துக்கொள்ளும் சொல் அடியேன். வைணவக் கோயில்களில் பெருமாளின் திருவடிகளே சடாரியாகப் பக்தரின் தலைமீது வைக்கப்படுகின்றன. பதினான்கு ஆண்டுகள் அயோத்தியின் அரியணையில் வீற்றிருந்தவை இரண்டு பாதுகைகள். கயையில் மக்கள் பிண்டம் இடும் கோயில் விஷ்ணுபாதக் கோயில். சாஞ்சியின் சிற்பிகள் புத்தபிரானை மனித உருவில் வடிக்காமல் பாதச்சுவடு போன்ற சின்னங்களால் உணர்த்தினர். வட மாநிலங்களில் பெரியோரைக் கண்டவுடன் குனிந்து பாதம் தொடுவது இன்றும் அன்றாட மரியாதை.

இதே நாட்டில் நீரிழிவு நோயாளி ஒருவரின் உள்ளங்காலில் சிறு புண் உண்டாகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பாதத்தைக் கையில் ஏந்தி, அறிந்து, பார்த்து, ஆவன செய்வதற்கென்றே பயின்ற ஒருவரைக் கண்டுபிடிப்பது மிக அரிது. பொது மருத்துவர் இரத்தச் சர்க்கரையின் அளவைப் பார்த்து மாத்திரை எழுதுகிறார். பல நேரங்களில் நோயாளி செருப்பைக் கழற்றாமலேயே எழுந்து செல்கிறார். புண் முற்றி, விரல் கறுத்த பிறகு அவர் அறுவை மருத்துவரை அடைகிறார். அப்போது அறுவை மருத்துவர் செய்யக்கூடியது பெரும்பாலும் ஒன்றே. இவ்விருவருக்கும் இடையில் நிற்க வேண்டிய ஒருவர், அதாவது நகத்தை முறையாக வெட்டுபவர், தோல் காய்ப்பைச் செதுக்கி நீக்குபவர், உணர்ச்சியைச் சோதிப்பவர், செருப்பினுள் கைவிட்டுப் பார்ப்பவர், நம் மருத்துவ அமைப்பில் ஏறத்தாழ இல்லை.

இதனை நிதிப் பற்றாக்குறை என்றோ, கல்லூரிகளில் இடப் பற்றாக்குறை என்றோ சொல்லிவிடலாம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் இதயத்திற்கும் கண்ணிற்கும் பல்லிற்கும் தனித்தனியே வல்லுநர்களைப் பயிற்றுவிக்க முடிந்த ஒரு சமுதாயம் பாதத்தை மட்டும் ஏன் விட்டுவிட்டது என்பது வெறும் நிர்வாகக் கேள்வி அன்று. அது அறம் பற்றிய கேள்வி.

வணக்கத்தின் உள்ளே இருக்கும் முரண்

பாதத்தை இவ்வளவு போற்றியவர்கள் அதனைப் பேணுவதில் எப்படிப் பின்தங்கினார்கள்? இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றுகின்றன. சற்று ஆழ்ந்து நோக்கினால் இரண்டிற்கும் வேர் ஒன்றே எனத் தெரியும். குருவின் பாதத்தில் ஒருவர் தலையை வைக்கும்போது அச்செயல் சொல்வது இதுதான்: என்னிடம் உள்ளதில் மிக உயர்ந்தது, உங்களிடம் உள்ளதில் மிகத் தாழ்ந்ததற்கு நிகராகாது. ஆக, பாதம் தாழ்ந்தது என்ற எண்ணம் முன்னதாகவே இருந்தால்தான் இந்த வணக்கத்திற்குப் பொருள் உண்டு. பெரியோரின் பாதம் தொழப்படுகிறது. ஏனெனில் அவர் பெரியவர். சாதாரண மனிதனின் பாதம் தவறிப் பட்டால்கூட நாம் தொட்டுக் கண்ணில் ஒற்றி மன்னிப்புக் கோருகிறோம். ஏனெனில் அது பாதம். நோயுற்ற, நாற்றமடிக்கும், சீழ் வடியும் பாதத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

உடலின் மேல், கீழ் என்ற இந்த எண்ணம் உடலோடு நின்றுவிடவில்லை. புருஷ சூக்தம் சமுதாயப் பிரிவுகளை விராட் புருஷனின் உறுப்புகளோடு இணைத்துக் கூறுவதும், பாதத்தோடு இணைக்கப்பட்டவர்கள் பல நூற்றாண்டுகள் தாழ்த்தி வைக்கப்பட்டதும் அனைவரும் அறிந்தவை. அதே சூக்தம், அடுத்த ஒரு மந்திரத்தில், இந்தப் பூமியே அப்புருஷனின் பாதங்களிலிருந்து தோன்றியதாகவும் கூறுகிறது. முதற்செய்தியை நினைவில் வைத்த அளவிற்கு இரண்டாவதை யாரும் நினைவில் வைக்கவில்லை. பாதத்திலிருந்து தோன்றிய பூமி தாழ்ந்ததென்றால், அதன்மீது நின்று உயர்வு தாழ்வு பேசுபவர் எங்கே நிற்கிறார்?

செருப்புத் தைப்பவர், நகம் வெட்டுபவர் ஆகியோரின் நிலையும் இதிலிருந்து விளைந்ததே. வங்காளத்தில் நாவிதர் குலப் பெண்கள் வீடு வீடாகச் சென்று பெண்களின் கால்நகங்களைச் சீர்செய்து பாதங்களுக்கு ஆல்தா என்னும் செந்நிறச் சாயம் பூசுவது நெடுங்கால வழக்கம். தமிழகத்தில் நாவிதர் சமூகத்தினர் மருத்துவர் என்றே அழைக்கப்பட்டனர். அவர்களின் பெண்கள் பிரசவம் பார்த்தனர். பாதத்தையும் புண்ணையும் தொடத் தயங்காத கைகள் இந்நாட்டில் எப்போதும் இருந்திருக்கின்றன. அக்கைகளுக்குக் கிடைக்காமல் போனவை பள்ளிக்கூடமும் மதிப்பும்தான்.

வலி என்னும் காவலன்

பாதப் பராமரிப்பு நகத்தை அழகுபடுத்தும் கலையன்று என்பதைப் புரிந்துகொள்ள, வேலூரில் நடந்த ஒரு கண்டுபிடிப்பை அறிந்துகொள்வது நல்லது.

1914-ஆம் ஆண்டு கொல்லிமலையில் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்தவர் பால் பிராண்ட். மருத்துவம் பயிலுமுன் கட்டடவேலையும் தச்சுவேலையும் கற்றவர். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். அக்காலத்தில் தொழுநோய் தசையை அழுகச் செய்கிறது, அதனாலேயே கைவிரல்களும் கால்விரல்களும் உதிர்கின்றன என்பதே பரவலான நம்பிக்கை. பிராண்டும் அவருடைய குழுவினரும் நோயாளிகளை நாள்தோறும் கவனித்தபோது உண்மை வேறாக இருந்தது. நோய் நரம்பைத் தாக்கி வலியுணர்வை அழிக்கிறது. வலி இல்லாதவர் செருப்பில் ஏறிய ஆணியோடு நாள் முழுதும் நடக்கிறார். கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குகிறார். உறங்கும்போது எலி கடிப்பதையும் அறியாதவர்கள் இருந்தனர். உறுப்பு அழிவது நோயின் நேரடிச் செயலால் அன்று, காவல் இல்லாமையால். வலி ஒரு கொடை என்ற கருத்தைப் பிராண்ட் பின்னர் நூலாகவே எழுதினார்.

எனவே வேலூர்க் குழு, மருந்தோடு நிற்காமல், நடையையும் செருப்பையும் ஆராய்ந்தது. புண்பட்ட காலுக்கு ஓய்வளிக்க மாவுக்கட்டுப் போடும் முறை 1930-களிலேயே இலங்கையிலும் இந்தியாவிலும் தொழுநோய் மருத்துவர்கள் கையாண்டது. அது இங்கே செம்மைப்பட்டது. நுண்துளை ரப்பரால் ஆன மெத்தென்ற அடியுடைய செருப்பு உருவாயிற்று. எம்.சி.ஆர். செருப்பு என்ற பெயரில் அது இன்றும் நாடெங்கும் வழங்கப்படுகிறது. ஒரு மருத்துவமனையின் ஆராய்ச்சியில் செருப்புப் பட்டறை இடம்பெற்றது அந்நாளில் பலருக்கு வியப்பாக இருந்திருக்கும். 1966-இல் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். தென்னிந்தியத் தொழுநோயாளிகளின் பாதங்களில் கற்ற பாடம் அங்கிருந்து நீரிழிவு நோயாளிகளின் மருத்துவத்திற்குள் நுழைந்தது. உலகம் மிகவும் ஒதுக்கிவைத்த பாதங்களே உலகத்திற்கு ஆசிரியராயின.

நீரிழிவிலும் நடப்பது ஏறத்தாழ அதுவே. நீண்டகாலச் சர்க்கரை நரம்புகளைக் கெடுக்கிறது. உணர்ச்சி நரம்பு கெட்டால் பாதம் மரத்துப்போகிறது. தசையை இயக்கும் நரம்பு கெட்டால் விரல்கள் மடங்கி, உடலின் பாரம் உள்ளங்காலின் ஓரிரு இடங்களில் குவிகிறது. வியர்வையைத் தூண்டும் நரம்பு கெட்டால் தோல் வறண்டு வெடிக்கிறது. பாரம் குவியும் இடத்தில் தோல் காய்த்துத் தடிக்கிறது. அந்தக் காய்ப்பே செருப்பினுள் கிடக்கும் கல்லைப்போல் கீழுள்ள தசையை நசுக்குகிறது. உள்ளே இரத்தம் கசிந்து புண்ணாகிறது. மேலே பார்ப்பவருக்குத் தெரிவது ஒரு காய்ப்பு மட்டுமே. இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் ஆறுவதில்லை; கிருமி எலும்புவரை செல்கிறது. நீரிழிவால் நிகழும் கால் நீக்கங்களில் மிகப் பெரும்பான்மையானவற்றிற்கு முன்னோடி இப்படியொரு புண்தான். அந்தப் புண்ணுக்கு முன்னோடியாக, அநேகமாக, யாரும் செதுக்காத ஒரு காய்ப்போ, யாரும் பார்க்காத ஒரு வெடிப்போ, பொருந்தாத ஒரு செருப்போ இருக்கிறது.

இந்நோயின் தன்மையே நோயாளியின் எச்சரிக்கை மணியை அறுத்துவிடுவது. அறுபட்ட மணிக்குப் பதிலாக வேறொரு மனிதரின் கண்ணும் விரலும் வேலை செய்ய வேண்டும். பாதப் பராமரிப்பாளர் என்பவர், தத்துவ நோக்கில், இன்னொருவருக்காக வலியை உணர்பவர்.

ஓர் எளிய கணக்கு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023-இல் வெளியானது. அதன்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளோர் 10.1 கோடி. இவர்களுள் பலருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியாது. நோயுள்ள ஒவ்வொருவரின் பாதமும் ஆண்டிற்கு ஒருமுறையேனும் முறையாகச் சோதிக்கப்பட வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட விதி.

ஒருவருக்குப் பத்து நிமிடம் என்று கொள்வோம். 10.1 கோடிப் பேருக்கு ஏறத்தாழ 1.7 கோடி மணி நேரம் தேவை. ஒரு பணியாளர் ஆண்டிற்கு 300 நாட்கள், நாளுக்கு 6 மணி நேரம் இதனையே செய்தால் 1,800 மணி நேரம் ஆகிறது. ஆகவே இந்தச் சோதனைக்கு மட்டும் ஒன்பதாயிரத்திற்கும் மேற்பட்ட முழுநேரப் பணியாளர்கள் வேண்டும். புண் கண்டவர்களுக்குச் சிகிச்சை அளிப்பது இக்கணக்கில் சேரவில்லை. தொழுநோயாளிகள், யானைக்கால் நோயால் வீங்கிய கால்களை நாள்தோறும் கழுவித் துடைத்துப் பேண வேண்டியவர்கள், தம் நகத்தைத் தாமே எட்ட முடியாத முதியவர்கள், இவர்களும் சேரவில்லை.

பெரிய எண் போலத் தோன்றும் இது உண்மையில் பெரிய எண்ணா? எழுநூற்றுக்கும் மேற்பட்ட மாவட்டங்களுக்குப் பகிர்ந்தால் மாவட்டத்திற்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பேர். ஆஷா என்ற பெயரில் ஏறத்தாழ பத்து லட்சம் பெண்களைக் கிராமந்தோறும் பயிற்றுவித்த நாடு இது. இயலாது என்று சொல்ல இடமில்லை.

முயற்சிகளே இல்லை என்று சொல்வதும் நியாயமாகாது. நாகபுரி மருத்துவர் சரத் பெண்ட்சே முன்னின்று நடத்த, 2004 முதல் படிப்படியாகப் பயிற்றுவிக்கும் திட்டம் ஒன்று நாட்டின் பல பகுதிகளில் நடந்தது. ஒவ்வொரு மையத்திலிருந்தும் மருத்துவர் ஒருவரும் செவிலியர் அல்லது துணைப் பணியாளர் ஒருவரும் இணையாக வந்து பயில வேண்டும் என்பது அதன் சிறப்பு. மருத்துவர் மட்டும் கற்றால் செய்ய நேரமிராது. செவிலியர் மட்டும் கற்றால் செய்ய அதிகாரமிராது. இந்த நடைமுறை ஞானம் அத்திட்டத்தின் பாடநூலைவிட மதிப்புள்ளது எனலாம். 2021-இல் நாடாளுமன்றம் இயற்றிய தேசிய இணைச் சுகாதாரத் தொழிலாளர் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் பொடியாட்ரிஸ்ட் எனப்படும் பாத மருத்துவப் பணியாளரின் பெயரும் இடம்பெற்றது. தமிழ்நாட்டு அரசு அண்மை ஆண்டுகளில் 'பாதம் பாதுகாப்போம்' என்ற திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. ஆயினும் அட்டவணையில் பெயர் வருவது வேறு, தாலுகா மருத்துவமனையில் ஆள் வருவது வேறு.

பழைய அனுபவமும் ஓர் எச்சரிக்கை தருகிறது. தொழுநோய், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து தேசிய அளவில் நீங்கியதாக 2005-ஆம் ஆண்டின் இறுதியில் அறிவிக்கப்பட்டது. தனித் திட்டமாக நடந்த பணி பொது மருத்துவ அமைப்போடு கலந்தது. மரத்துப்போன பாதத்தைப் பேணுவதில் தேர்ந்த தொழுநோய்த் துணைப் பணியாளர்களின் கைத்திறன் அடுத்த தலைமுறைக்கு முழுமையாகக் கைமாறவில்லை. ஆண்டுதோறும் சுமார் ஒரு லட்சம் புதிய தொழுநோயாளிகள் இன்றும் கண்டறியப்படுகின்றனர்.

அன்பு போதுமா?

இங்கே ஆன்மிக நாட்டம் உடையவர்கள் மனத்தில் ஒரு கருத்து எழக்கூடும். சேவை மனப்பான்மை வளர்ந்தால் ஆள் பற்றாக்குறை தானே தீரும், காந்தியடிகள் செய்யவில்லையா? செய்தார். வடமொழிப் புலவர் பர்ச்சுரே சாஸ்திரி தொழுநோயுடன் 1939-இல் சேவாகிராமத்திற்கு வந்தபோது, காந்தியடிகள் தம் குடிலுக்கு அருகிலேயே அவருக்குக் குடில் அமைத்து, புண்களைத் தம் கைகளால் தூய்மை செய்து, உடலைத் தேய்த்துவிட்டார். அச்செயலின் உயர்வில் ஐயமில்லை. ஆனால் அதிலிருந்து ஒரு நாடு எதைக் கற்க வேண்டும்? எல்லோரும் காந்தியடிகள் ஆகும் நாளுக்காகப் புண்கள் காத்திருக்குமா?

பௌத்த விநய நூலில் ஒரு நிகழ்ச்சி உண்டு. வயிற்றுப்போக்கால் தன் மலத்திலேயே கிடந்த ஒரு பிக்குவைப் புத்தர் காண்கிறார். ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, இருவருமாக அவரைக் கழுவிப் படுக்கையில் கிடத்துகின்றனர். பொதுவாக இக்கதை சொல்லப்படும்போது இத்துடன் முடிந்துவிடும், கேட்பவர் கண்கலங்குவர். விநய நூலில் கதை முடிவதில்லை. புத்தர் சங்கத்தைக் கூட்டுகிறார். நோயுற்ற பிக்குவை யார் கவனிக்க வேண்டும் என்பதற்கு வரிசைமுறையோடு விதி செய்கிறார். பின்னர் நோயாளியைப் பேணத் தகுதியுடையவர் யார் என்று பட்டியலிடுகிறார். மருந்தைத் தயாரிக்க அறிந்திருத்தல், நோய்க்கு ஏற்றது எது ஏலாதது எது என்று பகுத்தறிதல், கழிவுகளைக் கண்டு அருவருப்புக் கொள்ளாமை, ஆதாயம் கருதாது நல்லெண்ணத்தால் பேணுதல், நோயாளிக்கு நல்லுரை கூறி ஊக்கமளித்தல் என ஐந்து. கருணை அங்கே கண்ணீரோடு நிற்கவில்லை. விதியாகவும் தகுதியாகவும் மாறியது. அருவருப்பின்மையும் அன்பும் பட்டியலில் உள்ளன. ஆனால் அறிவை நீக்கிவிட்டு அல்ல.

சரக சம்ஹிதை இன்னும் தெளிவாகப் பேசுகிறது. மருத்துவத்தின் நான்கு தூண்களுள் ஒன்றாக நோயாளியைப் பேணுபவரை அது வைக்கிறது. அவருக்கு வேண்டிய பண்புகளாகப் பேணும் முறையறிவு, செயல்திறன், நோயாளியிடம் அன்பு, தூய்மை ஆகியவற்றைக் கூறுகிறது. அறிவும் திறனும் அன்புக்கு முன்னால் எண்ணப்படுகின்றன. திருவள்ளுவரும் மருந்து என்ற அதிகாரத்தில் நோயாளி, மருத்துவர், மருந்து என்ற மூன்றோடு உடனிருந்து பேணுபவரையும் சேர்த்தே மருத்துவத்தை நான்காக வகுத்தார். நம் மரபு பேணுபவரைத் தூண் என்றது. நம் நடைமுறை அவரைக் கூலியாள் ஆக்கியது.

அறிவில்லாத அன்பு பாதத்திற்கு என்ன செய்யும் என்பதை வீடுகளிலேயே காணலாம். மாமனாரின் கால் வெடிப்புக்கு இதமாக இருக்கட்டும் என்று மருமகள் வெந்நீர் வைத்துக் கொடுக்கிறாள். மரத்துப்போன கால் சூட்டை அறியாது, தோல் வெந்துபோகிறது. கால் ஆணிக்கு மருந்துக்கடையில் பிளாஸ்திரி வாங்கி ஒட்டுகிறான் மகன். அதிலுள்ள அமிலம் நல்ல தோலையும் அரிக்கிறது. பிளேடால் காய்ப்பைச் சீவிவிடும் மனைவியின் கை நடுங்குகிறது. இவர்கள் யாரிடமும் அன்பு குறைவில்லை.

கீதையின் இரண்டாம் அத்தியாயம் யோகத்தைச் செயல்திறனோடு இணைத்துப் பேசும் இடம் சேவை பற்றிய சொற்பொழிவுகளில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. அங்கே திறன் எனப்படுவது பலனில் பற்றற்ற சமநிலையே, கைத்தொழில் திறமை அன்று என்று ஆதிசங்கரர் விளக்குவார். அவ்விளக்கத்தைக் காட்டித் தொழில் திறமையை இரண்டாம் இடத்திற்குத் தள்ளுவது முறையல்ல. மரத்துப்போன பாதத்தின் காய்ப்பைச் செதுக்குபவருக்கு அரை மில்லிமீட்டர் ஆழம் தவறினால் இரத்தம்; நோயாளி அதனை உணர்ந்து காலை இழுத்துக்கொள்ளமாட்டார். இத்தகைய பணியில் கைத்திறமை இல்லாத சமநிலை ஆபத்தானது.

பற்றின்மை பற்றிய உபதேசம் இப்பணிக்கு வேறொரு வகையில் பொருந்துகிறது. இப்பணியின் பலன், நிகழாத ஒரு நிகழ்ச்சி. துண்டிக்கப்படாத காலைச் சுட்டிக்காட்டி, இது இவரால் பிழைத்தது என்று யாரும் சொல்லமுடியாது. அறுவை மருத்துவருக்கு நன்றி சொல்ல மாலையோடு வருபவர்கள், காய்ப்பைச் செதுக்கியவரை மறந்தே போகிறார்கள். பலனைக் காணாமலே செய்யும் கர்மத்திற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அரிது. ஆனால் இந்த உபதேசத்தைப் பணியாளருக்கு மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளும் வழக்கம் ஒன்றுண்டு. கண்ணுக்குத் தெரியாத பலனுக்காக நிதி ஒதுக்க வேண்டிய ஆட்சியாளரும், மருத்துவமனையை நடத்துபவரும், நன்கொடையாளரும் அல்லவா அதனை முதலில் கேட்க வேண்டியவர்கள்? திறப்புவிழாக் காண ஏற்ற கட்டடம் எழுகிறது. பத்துப் பேரை இரண்டாண்டு பயிற்றுவிக்கப் பணமில்லை.

சேவை என்ற சொல்லுக்கும் ஒரு நிழல் உண்டு. ஒரு பணியைச் சேவை என்று புகழ்ந்தபின் அதற்கு ஊதியம் கேட்பது அநாகரிகமாகத் தோன்றத் தொடங்குகிறது. ஆஷா பணியாளர்கள் இன்றுவரை தன்னார்வலர் என்றே வகைப்படுத்தப்பட்டு ஊக்கத்தொகை பெறுகிறார்கள். துறவி ஊதியமின்றிச் செய்வது அவர் ஏற்ற விரதம். இரு குழந்தைகளைப் படிக்கவைக்க வேண்டிய ஒரு பெண்ணிடம் அதே விரதத்தை எதிர்பார்ப்பதற்குப் பெயர் வேறு.

எழக்கூடிய மறுப்புகள்

மருத்துவரே இல்லாத ஊர்கள் இருக்கும்போது பாதத்திற்குத் தனி வல்லுநர் ஆடம்பரமல்லவா என்று கேட்கலாம். இக்கேள்வி மேலோட்டமானது. மருத்துவர் குறைவாக உள்ள இடத்தில்தான் மருத்துவர் அல்லாத, ஆனால் ஒன்றை நன்றாகக் கற்ற பணியாளரின் தேவை மிகுதி. காலை இழந்த கூலித் தொழிலாளியின் குடும்பம் எத்தனை ஆண்டுகள் பின்னுக்குப் போகிறது என்பதை எண்ணினால் எது ஆடம்பரம் என்பது விளங்கும்.

இரண்டாவது மறுப்பு வலுவானது. சில மாதப் பயிற்சி பெற்றவர்களை ஏழைகளுக்கு அனுப்பிவிட்டு, பணக்காரர்கள் வல்லுநர்களிடம் செல்வார்களானால், அது ஏழைக்கு இரண்டாந்தர மருத்துவம் ஆகாதா? ஆகக்கூடும். குறுகிய பயிற்சி பெற்றவர் சோதிக்கலாம், கற்பிக்கலாம், சாதாரண நகத்தையும் தோலையும் பேணலாம். ஆறாத புண்ணை அவரிடமே விட்டுவைப்பது அநீதி. அவருக்கு மேலே பட்டம் பெற்ற ஒருவரும், அவருக்கு மேலே அறுவை மருத்துவரும் இருக்க வேண்டும். கீழ்ப்படியில் தொடங்கியவர் படித்து மேற்படிக்கு ஏற வழியும் வேண்டும். ஏணியின் முதற்படியை மட்டும் செய்து வைத்து அதனை ஏணி என்று சொல்வது சரியன்று.

மூன்றாவதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. காலைப் பிடிக்கும் வேலைக்கு நம் பிள்ளையை அனுப்புவதா என்ற எண்ணம் அது. பிரிட்டனில் பாத மருத்துவர் என்பது சட்டத்தால் காக்கப்பட்ட பட்டம். பல்கலைக்கழகத்தில் பயின்று பதிவு செய்தவரே அப்பெயரைச் சூடலாம். அங்கும் ஆள் போதவில்லை. இங்கிலாந்தில் 2017-இல் மாணவர் உதவித்தொகை நிறுத்தப்பட்டபின் இப்படிப்பை நாடுவோர் குறைந்தனர். 2020-இல் அரசு மீண்டும் உதவி வழங்கத் தொடங்கியது. பாதத்தைக் கவர்ச்சியற்றதாகக் கருதுவது நமக்கு மட்டுமே உரிய குறையன்று. எனினும் அங்கே தயக்கம் வருமானம் பற்றியது. இங்கே அதனோடு பிறப்பும் சேர்ந்துகொள்கிறது. இப்புதிய தொழிலுக்கும் பழைய குலங்களிலிருந்தே ஆட்கள் வந்து, பழைய மதிப்பையே பெற்றால், வெள்ளைச் சீருடை அணிந்த பழைய ஏற்பாடாகவே அது முடியும். ஆதலால் பட்டம், பதிவு, சீருடை, பெயர்ப்பலகை ஆகியவற்றை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்குவதற்கில்லை. செருப்புத் தைக்கும் குடும்பத்தில் பிறந்து அத்தொழிலின் நுட்பம் அறிந்தவர், அந்தப் பட்டறையின் ஆசிரியராகவே அமரட்டும். அந்தண வீட்டுப் பெண் அவரிடம் மாணவியாகப் பயிலட்டும்.

கோயில்களுக்கும் யாத்திரைகளுக்கும் இதில் பங்குண்டு. திருவண்ணாமலைக் கிரிவலம் 14 கிலோமீட்டர். கோவர்த்தன பரிக்கிரமா 21 கிலோமீட்டர் அளவினது. வெறுங்காலோடு நடப்பது விரதம். பாதம் மரத்துப்போனவர் கோடை நண்பகலில் கருங்கல் பிராகாரத்தைச் சுற்றிவருகிறார். மற்றவர்கள் துள்ளி ஓடும் இடத்தில் தமக்குச் சுடவில்லையே, இது இறைவன் அருள் என்று மகிழ்கிறார். மாலையில் வீட்டில் கால் கழுவும்போது கொப்புளங்கள் தெரிகின்றன. விரதத்தின் பொருள் வலியைத் தாங்குதல் என்றால், வலியே அறியாதவர் தாங்குவது எதனை? அவருக்கு அதிகாலையில் வலம் வரச் சொல்லும் அர்ச்சகரும், யாத்திரைப் பாதையில் தண்ணீர்ப் பந்தலுக்கு அருகே பாதம் பார்க்கும் ஒரு பந்தல் அமைப்பவரும் பக்திக்கு எதிரான எதையும் செய்துவிடவில்லை.

தொடங்குவதற்குக் கருவிகள்கூட மிகுதியாகத் தேவையில்லை. பத்துக் கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையும் இசைக்கவையும் சோதனைக்கு உதவுபவை. அவையும் இல்லாத இடத்திற்கென்று இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் 2011-இல் ஓர் எளிய முறையை வெளியிட்டனர். நோயாளி கண்ணை மூடிக்கொள்கிறார். சோதிப்பவர் தம் ஆட்காட்டி விரலால் ஒவ்வொரு பாதத்திலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை ஓரிரு நொடிகள் மெல்லத் தொடுகிறார், அழுத்துவதில்லை, தட்டுவதில்லை. தொடுகையை உணரும்போதெல்லாம் நோயாளி ஆம் என்று சொல்கிறார். ஆறு தொடுகைகளில் இரண்டோ அதற்கு மேலோ உணரப்படாமல் போனால் அந்தப் பாதம் ஆபத்தில் இருக்கிறது. இதனைப் பள்ளி மாணவர்களும் அரைமணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். நான்கு முறை மட்டும் ஆம் என்று சொல்லிவிட்டுக் கண்திறந்து பார்க்கும் முதியவரை, அடுத்து யாரிடம் அனுப்புவது என்பதற்குத்தான் இந்நாட்டின் பெரும்பாலான தாலுகாக்களில் இன்னும் விடையில்லை.